பத்துக்குப் பத்து

எதையும் தூக்கிப் போடாத பழக்கம் எனக்கு உண்டு. மிக்சி வந்த அட்டைப்பெட்டி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள், மின்சார ரசீதுகள் எல்லாம் வீட்டில் இருக்கும். என் மனைவி ஞானம்மா இருந்தவரை இதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தாள். தொற்றுக் காலத்தில் அவள் போன பிறகு அவளுடைய பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். மகள் ஏஞ்சல் அதைப் பார்த்துவிட்டு பீரோவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். இந்தப் பழக்கத்தை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

காவல் ஆய்வாளர் மோகன்ராஜ் அவர்கள் கோடு போட்ட தாள்களையும் ஒரு பேனாவையும் கொடுத்து நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் முப்பத்தோரு வருடம் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு ஷிப்டு முடியும்போதும் எந்த மோட்டார் நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, எதை மாற்றினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அதே மாதிரி இதையும் எழுதுகிறேன்.

பெயர் சாலமோன். வயது ஐம்பத்தொன்பது. பிறந்தது ஆரம்பாக்கம். என் அம்மா சாராள் அங்கே பூவராகவன் என்பவருடைய வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போனாள். கூலி நெல் வாங்க அவர் வீட்டின் பின்பக்கம் போய் நிற்பாள். சிறு வயதில் நானும் கூட நின்றிருக்கிறேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த வழக்கில் வரும் பார்த்திபன் அந்தப் பூவராகவனின் பேரன் என்பதால் எழுதிவைக்கிறேன்.

போன வருடம் ஏப்ரலில் கார் வாங்கினோம். எங்கள் உறவில் யாரிடமும் அதுவரை கார் இருந்ததில்லை. சாம்பல் நிறம் ஏஞ்சல் தேர்ந்தெடுத்தது. அவள் நர்சிங் முடித்துச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாள், விடுதியில் தங்கியிருந்தாள். வாரம் ஒரு நாள் விடுமுறை. அன்று நான் போய் அழைத்து வருவேன், மறுநாள் கொண்டுபோய் விடுவேன். டூட்டி முடித்து வருபவள் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். அதற்கென்றே பூப்போட்ட உறை தைத்த ஒரு சின்னத் தலையணை காரிலேயே இருந்தது.

ஜூன் மாதம், வண்டி வாங்கி இரண்டரை மாதத்தில், தச்சூர் கூட்டுச் சாலை அருகே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அணைந்தது. இடறவில்லை, சத்தம் வரவில்லை. முன்பலகையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. உருண்ட வேகத்திலேயே ஓரம் கட்டினேன். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்தது. ஏஞ்சல் எழுந்து உட்கார்ந்து, "நைனா, இது வெளாட்டு இல்ல. நாளைக்கே கொண்டும்போய் வுடு" என்றாள்.

நெடுஞ்சாலையில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் என் வண்டிக்குப் பொறுப்பாக வந்தவர் பார்த்திபன். முப்பது வயது இருக்கும். கம்பெனிச் சட்டை, கையில் டேப்லெட். கும்மிடிப்பூண்டி முகவரியை எழுதும்போது என் சொந்த ஊர் ஆரம்பாக்கம் என்று கேட்டதும் தானும் அந்த ஊர்தான் என்றார். தாத்தா பெயரையும் சொன்னார். தெரியும் என்றேன். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குக் கைமாறிவிட்டது, அப்பா காலத்திலேயே ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவரே சொன்னார். பழைய பைக் ஒன்றில் வேலைக்கு வந்து போனார். என்னை முதல் நாளே அங்கிள் என்று கூப்பிட்டார்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு பழுதும் பதிவாகவில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. 'புகார் காணப்படவில்லை' என்று வேலைத்தாளில் எழுதி, கீழே 'வாடிக்கையாளர் திருப்தி' என்ற கட்டத்தில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பிறகு என்னைத் தனியாக வாசல் வரை அழைத்து வந்தார்.

"அங்கிள், ஒரு சின்ன ஹெல்ப்பு. ரெண்டு நாள்ல கம்பெனிலருந்து ஒரு பொண்ணு போன் பண்ணும். பத்துக்கு எவ்ளோனு கேக்கும். பத்துனு சொல்லிடுங்க. ஒம்போது சொன்னாகூட எங்களுக்கு ஃபெயிலுதான். அப்பறம் மேனேஜர் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சிக் கேப்பாரு. ஒரே பேஜாராயிடும் அங்கிள்."

இதைச் சொல்லும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இது அங்கே எல்லோரும் கேட்பதுதான். புதுக் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணெய் மாற்றினார்களோ இல்லையோ, பத்து கேட்காமல் சாவியைத் தர மாட்டார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. தெற்கத்திப் பேச்சுப் பேசும் ஒரு பெண். பத்துக்கு எத்தனை என்றாள். பத்து என்றேன். வண்டியில் ஏதும் குறை உண்டா என்றாள். பத்து சொன்னவன் குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. இல்லை என்றேன்.

ஜூலையில் மறுபடி நின்றது. ஆகஸ்டில் மறுபடி. ஒவ்வொரு முறையும் அதே ஸ்கேனர், அதே பன்னிரண்டு கிலோமீட்டர், அதே கையெழுத்து, அதே கை கட்டல், அதே போன். மூன்றாவது போன் வந்தபோது ஏஞ்சல் வீட்டில் இருந்தாள். நான் பத்து என்று சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தாள். போனை வைத்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னா நைனா நீ. வண்டி நின்னுச்சினு சொல்றத வுட்டுட்டு அவனுக்கு மார்க்கு போட்டுக்கினு கீற. கோர்ட்டு கேஸா போடச் சொன்னேன்? நாலுனு சொல்லு. நாலு சொன்னா கம்பெனிக்காரன் அவனே ஊடு தேடி வருவான்."

பாவம், சின்னப் பையன், வேலை போய்விடும் என்றேன்.

"அவன் பாவம்னா அப்ப நம்ம யாரு?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஏசி போட்டிருந்தேன். ஏஞ்சல் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். புதுவாயல் தாண்டி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றை முந்துவதற்காக வலது பக்கம் ஏறினேன். வேகம் குறைத்திருந்தவன் மறுபடி மிதித்தபோது எஞ்சின் அணைந்தது. பின்னால் கன்டெய்னர் லாரி. அவன் மேல் தப்பில்லை. நடு ரோட்டில் ஒரு கார் நிற்கும் என்று எவன் எதிர்பார்ப்பான். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின் சீட்டு முன் சீட்டு வரை வந்துவிட்டது.

அடக்கத்தன்று பார்த்திபன் சர்ச் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

கம்பெனிக்கு எழுதினேன். இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மூன்று வேலைத்தாள்களையும் காட்டினார்கள். மூன்றிலும் என் கையெழுத்து. பிறகு மடிக்கணினியைத் திறந்து என் மேசைமேல் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார்கள். என் குரல் வந்தது. பத்து. பத்து. பத்து. குறை ஏதும் உண்டா. இல்லை. மூன்றாவது பதிவில், பின்னணியில், தட்டு நகரும் சத்தமும் கேட்டது. அது ஏஞ்சல் தட்டைத் தள்ளிய சத்தம். அதைத் திரும்பப் போடச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு போட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவு வந்தது. கம்பெனி என்பது ஒரு பெயர்ப்பலகை. அதைக் கோபித்துக்கொள்ள முடியாது. அந்தப் பத்தை என் வாயிலிருந்து வாங்கியவர் ஒருவர். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அவருக்கு ஒரு மகளும் இருக்கிறாள்.

அதே வண்டி வைத்திருக்கும் ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருப்பது தெரிந்து சேர்ந்தேன். நூற்று நாற்பது பேர். பொன்னேரியிலிருந்து ஜெனிபர் என்ற பெண், மேம்பாலத்தின் உச்சியில் இரண்டு பிள்ளைகளோடு நின்றுபோனதை எழுதியிருந்தார். மற்றவர்களும் அதையே வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு எழுதியிருந்தார்கள். எல்லோரும் பத்து கொடுத்தவர்கள். நான் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை நிமிடம் ஓடியது, ஏசி இருந்ததா, என்ன வேகம் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். முறை தெரிந்துவிட்டது. ஏசி போட்டு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். வேகத்தைக் குறைத்து மறுபடி அழுத்த வேண்டும். அப்போது நிற்கும். எப்போதும் இல்லை, ஆனால் பெரும்பாலும்.

செங்குன்றத்தில் அன்புராஜ் என்று ஒருவர் வெளி மெக்கானிக்கிடம் காட்டியதில் காரணமும் தெரிந்தது. எஞ்சின் சுற்றுவதை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு சென்சார். கிராங்க் சென்சார் என்பார்கள். விரல் நீளம்தான், ஒரே ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். நன்றாகச் சூடேறினால் அது ஊமையாகிவிடும். எஞ்சின் சுற்றவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி பேசும். அதனால்தான் ஸ்கேனரில் ஒன்றும் வருவதில்லை. இதையெல்லாம் குழுவில் நான்தான் விளக்கமாக எழுதினேன். அதைப் படித்து மாற்றிக்கொண்டவர்கள் பலர். ஜெனிபர் எனக்கு நன்றி சொல்லி ஒரு பைபிள் வசனம் அனுப்பினார். என்னைப் பற்றித் தீர்மானிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்சில் வண்டியை அதே சர்வீஸ் சென்டரில் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். விற்றுவிடு என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள். நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

ஜனவரியில் வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் பார்த்திபன். அதற்குள் அவர் என் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்திருந்தார். ஞாயிறு காலை நான் சர்ச்சிலிருந்து திரும்பும்போது நாஷ்டா பொட்டலத்தோடு வாசலில் நிற்பார். அதிகம் பேச மாட்டார். குழாய் ஒழுகினால் சரிசெய்துவிட்டுப் போவார். ஒரு முறை ஏஞ்சலின் படத்துக்குக் கீழே இருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

வண்டியை விட்ட அன்று சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். அந்தச் சென்சாரை மாற்றியிருப்பதாகச் சொன்னார். ஸ்கேனரில் பழுது வராததால் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை, தானே வாங்கித் தன் கையாலேயே மாட்டிவிட்டேன், கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றார். மாற்றிய பழைய சாமானைப் புதியது வந்த பெட்டியிலேயே போட்டு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அதையே மறுபடி புதியது என்று யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அதில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"ஆறு மாசம் முன்னாடி புதுச மாட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "இனிமே நிக்காது அங்கிள். எம் பொண்ணு மேல சத்தியமா நிக்காது" என்றார்.

பிள்ளைமேல் சத்தியம் எங்கள் பக்கத்தில் யாரும் சாதாரணமாகச் செய்வதில்லை. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். பெட்டியையும்தான்.

அவர் செய்தது நல்ல காரியம் என்று ஆய்வாளர் சொன்னார். நான் அதை வேறுமாதிரி பார்க்கிறேன். ஜனவரியில் தன் கைப்பணத்தில் மாட்டத் தெரிந்தவருக்கு, ஜூனிலும் தெரிந்திருக்கும். ஜூனில் அவருக்குப் பத்து மட்டும்தான் வேண்டியிருந்தது.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் நான் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஏசி போட்டு, ஆரம்பாக்கத்திலிருந்து செங்குன்றம், செங்குன்றத்திலிருந்து ஆரம்பாக்கம். குறைத்து அழுத்துவது, குறைத்து அழுத்துவது. ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டில் எழுதினேன். முடிவைப் பிறகு சொல்கிறேன்.

ஆடி மாதம் பிறந்ததும் பார்த்திபன் தன் மனைவி கல்பனாவையும் மகள் இளமதியையும் முதல்முறையாக என் வீட்டுக்கு அழைத்து வந்தார். இளமதிக்கு நாலு வயது. அவளுக்குப் பெரியபாளையத்தம்மனுக்கு முடி இறக்குவதாக வேண்டுதல், அதற்குமுன் ஒருதரம் பூ வைத்துப் பின்னிப் படம் எடுத்தோம், உங்களிடம் காட்டவும் வந்தோம் என்றாள் கல்பனா. ஏஞ்சலின் படத்தைப் பார்த்து, "இந்த அக்கா எங்க?" என்று குழந்தை கேட்டது. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

எப்படிப் போகப்போகிறீர்கள் என்று விசாரித்தேன். ஆடி ஞாயிறு, வேன் ஒன்றும் கிடைக்கவில்லை, பைக்கில் மூன்று பேரும் போய்விடுவோம் என்றார் பார்த்திபன். கார்களுக்கு நடுவிலேயே வேலை செய்பவருக்குச் சொந்தமாகக் கார் இல்லை. என் வண்டி சும்மாதான் நிற்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஏஞ்சல் போன வண்டியில் சாமி காரியத்துக்குப் போவதா என்ற தயக்கம். அதை அப்படிச் சொல்லாமல், "ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும் அங்கிள்" என்றார்.

"நீங்கதானே தம்பி சரிபண்ணிக் குடுத்தீங்க. ஒங்களுக்கே நம்பிக்கை இல்லியா?" என்றேன்.

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. கல்பனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் வாங்க அங்கிள். எங்க சாமிதான், ஆனா வந்து நெழல்ல ஒக்காந்துக்கினு இருங்க" என்றாள். முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் உண்மையாகவே வலிக்கிறது. அன்றும் நான் பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை வண்டியைக் கழுவினேன். ஏஞ்சலின் தலையணை உறையைத் துவைத்துக் காயவைத்து மறுபடி போட்டேன்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குப் பார்த்திபன் சாவி வாங்க வந்தார். நேரக் கணக்கு எளியது. என் வீட்டிலிருந்து ஆரம்பாக்கம் வரை இருபது நிமிடம். அங்கே பொங்கல் பானை, கூடை எல்லாம் ஏற்றும்வரை குழந்தைக்காக ஏசியை ஓடவிடுவார். பிறகு தெற்கே திரும்பி, புதுவாயலில் பெரியபாளையம் சாலைக்குத் திரும்ப வேகம் குறைக்கும்போது நாற்பது நிமிடம் தாராளமாகத் தாண்டியிருக்கும். ஆடி ஞாயிறு என்றால் அங்கே போலீஸ் தடுப்பு வைத்திருப்பார்கள். குறைத்து, மறுபடி அழுத்தியாக வேண்டும்.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். "குழந்தைய முன்னாடி ஒக்கார வெக்காதீங்க தம்பி. அம்மாவும் புள்ளையும் பின்னாடி ஒக்காரட்டும். அதான் சேஃப்டி. தூக்கம் வந்தா தலவாணி கீது."

"சரி அங்கிள்" என்றார். என் காலைத் தொடக் குனிந்தார். பூவராகவனின் பேரன். நான் தடுக்கவில்லை.

அது கட்டாயம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நின்றாலும் பின்னால் யாரும் வராமல் இருக்கலாம். அதையெல்லாம் நான் தீர்மானிக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனேன்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பார்த்திபனிடமிருந்து போன் வந்தது. ஆராதனை நடந்துகொண்டிருந்ததால் வெளியே வந்து அந்த வேப்பமரத்தடியில் நின்று எடுத்தேன். ஆம்புலன்சுக்குக்கூட அவர் அப்புறம்தான் பேசியிருக்கிறார். முதலில் எனக்குத்தான் பேசினார்.

"அங்கிள், நின்னுட்ச்சு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் பாத்துப் பாத்து மாட்டனேன். எப்டி அங்கிள் நின்ச்சு?"

எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர். கல்பனாவும் இளமதியும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். பார்த்திபனுக்கு இடது கை மட்டும் முறிந்தது. நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் சாலை நடுவில் இருந்த தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் தலையணை இருந்தது. குழந்தைக்கு இன்னும் முடி இறக்கியிருக்கவில்லை.

அடுத்த பத்தொன்பது நாளும் நான் தினமும் ஆரம்பாக்கம் போனேன். நாஷ்டா வாங்கிக்கொண்டு போவேன். அவர் சாப்பிட மாட்டார். சத்தியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். குழந்தைமேல் சத்தியம் பண்ணினேன், எங்கேயோ ஒழுங்காக மாட்டாமல் விட்டுவிட்டேன், போல்ட்டைச் சரியாக முறுக்கினேனா இல்லையா என்றே நினைவில்லை என்று ஒரே பேச்சு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்படி யாரும் உட்காரவில்லை என்பதை அவர் யோசித்தாரா தெரியவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார்தான், ஆனால் அது வேறு.

இருபதாம் நாள் ஆய்வாளர் வண்டியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னதில் சென்சாரில் மஞ்சள் பொட்டு இருந்தது தெரிந்தது. பார்த்திபன் பழையதையே மாட்டிவிட்டுப் புதியதை விற்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்து அவரை அழைத்து வந்தார்கள். அவரும் மறுக்கவில்லை. இருக்கலாம் சார், கை மாறிப்போயிருக்கும் சார், நான்தான் சார் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடவும் தயாராக இருந்தார்.

அதனால்தான் நான் வந்தேன். மனம் உறுத்தி வந்ததாக யாரும் எழுத வேண்டாம். அவர் ஜெயிலுக்குப் போனால் அங்கே நாலு பேர் இருப்பார்கள். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், பொழுது போய்விடும். அது சரிவராது. அவர் வீட்டில் இருக்க வேண்டும். கொடியில் குழந்தையின் சட்டை இருக்கும். அதை மடித்து வைப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். நான் பதினோரு மாதம் பார்த்தேன்.

இனி அந்த ஓட்டங்களின் முடிவு. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டர் ஓட்டினேன். வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பார்த்திபன் மாட்டிய சாமான் சரியாகவே மாட்டப்பட்டிருந்தது, போல்ட்டும் அளவாகவே முறுக்கப்பட்டிருந்தது. அவர் சத்தியம் பண்ணியதில் பிழை இல்லை. சனிக்கிழமை மாலை, வண்டியைக் கழுவுவதற்கு முன்பு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அதைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருந்த பழையதை மாட்டினேன். பத்து நிமிட வேலை. மஞ்சள் பொட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. புதிய சென்சார் எங்கள் வீட்டு பீரோவில், ஞானம்மாவின் மாத்திரை அட்டைகளுக்கு அடியில், அதே பெட்டியில் இருக்கிறது. நல்ல சாமான். யாருக்காவது உபயோகப்படும்.

மூன்றையும் செய்தது நான்தான். கழற்றியதும், மாட்டியதும், பின் சீட்டில் உட்காரச் சொன்னதும். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஆய்வாளர் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. வண்டி நின்றது தெரிந்தும் மூன்று தடவையும் ஏன் பத்து சொன்னீர்கள், உங்கள் மகளே வேண்டாம் என்றாளே என்று கேட்டார். இரக்கம் என்று எழுதி அடித்தேன். பழக்கம் என்று எழுதி அதையும் அடித்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். என் அம்மா பின்பக்கம் நின்ற வீட்டுப் பையன், என் முன்னால் கை கட்டி நின்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. நாலு என்று சொல்லியிருந்தால் அடுத்த முறை அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

அதற்கும் என் மகள் போனதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.